மூன்று கை உப்பு

திண்டுக்கல்லுக்கும் கடலுக்கும் என்னம்மா சம்பந்தம் என்று எங்கள் தெருவில் கேட்காத ஆள் இல்லை. கேட்பவர்கள் முதலில் லிடியா வீட்டு முன்னறைக்குள் வந்து, அந்த நாலடிக் கண்ணாடித் தொட்டியின் முன் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். காபியும் குடிப்பார்கள். வெளியே வந்து செருப்பை மாட்டும்போதுதான் இந்தக் கேள்வி வரும். ஓசியில் கடல் பார்த்தவர்களுக்கு இருக்கிற வாய்க்கொழுப்பைப் பாருங்கள்.

நான் ஷாஹினா. லிடியா குடும்பம் எங்கள் கீழ்வீட்டில் வாடகைக்கு இருக்கிறது. நானும் என் வீட்டுக்காரர் ஹாமித்தும் மாடியில். மாடி முன்னறையில் மெஷின் போட்டு ஜாக்கெட், சுடிதார் தைக்கிறேன். ஹாமித் பூ மார்க்கெட்டுக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். இந்தக் கதையைச் சொல்ல நீளமான வாய்தான் வேண்டும்.

லிடியா ஒரு ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கிற வேலை பார்க்கிறாள். பிறந்தது ஆத்தூர்ப் பக்கம். அப்பா தென்னையும் கத்தரியும் போட்ட சம்சாரி. முதன்முதலில் கடலைப் பார்த்தது வேளாங்கண்ணிக்குப் போனபோதுதான். எல்லாரும் மாதாவைப் பார்த்துவிட்டுக் கடலில் கால் நனைத்தார்களாம். இவள் கடலைப் பார்த்துவிட்டு மாதாவைப் பார்க்க மறந்து நின்றாளாம். மாமியார் செபாஸ்தியம்மாள் இதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். பிறகு ஒரு டாக்டர் தன் கிளினிக்கில் வைத்திருந்த உப்புநீர் மீன்தொட்டியைப் பார்த்துக்கொள்ள முடியாமல் தூக்கிப் போடப் போக, லிடியா கேட்டு வாங்கி ஹாமித்தின் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். பிள்ளை இல்லாத குறைக்கு மீன் வளர்க்கிறாள் என்று பேசலாம் என்றால், ராபின் என்று ஒரு மகன் கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருக்கிறான். அதனால் தெருவுக்கு நல்லதாக ஒரு காரணம் கிடைக்கவே இல்லை. பிடிக்கும், வளர்க்கிறாள். இதை நம்புவதற்கு ஏன் இத்தனை கஷ்டமோ தெரியவில்லை.

தொட்டியில் ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்கள் இரண்டு உண்டு. மற்றபடி எல்லாம் பாறையும் பவளமும்தான். பவளப்பாறையைக் கடலிலிருந்து பெயர்த்து எடுத்து வருவது குற்றம். லிடியா அதைத் தொட மாட்டாள். அவளிடம் இருப்பவை, மற்ற தொட்டிக்காரர்கள் வீட்டில் வளர்த்து வெட்டிக் கொடுத்த மென்பவளங்கள். கல் மாதிரி இருக்காது, தோல் மாதிரி மெத்தென்று இருக்கும். அவற்றில் ஒன்றுதான் மகராசி.

மகராசியை மதுரையில் ஒருவர் சுண்டுவிரல் அளவுத் துண்டாகக் கொடுத்தார். பாலிதீன் பையில் தண்ணீரோடு கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்து, கொடைரோடு தாண்டும்வரை மூச்சுவிடாமல் கொண்டுவந்தாளாம். வருஷக்கணக்கில் வளர்ந்து, மகராசி சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விரித்த குடையாகிவிட்டாள். குடைமேல் முழுக்க முழுக்கக் குட்டிக் குட்டிக் கைகள். விளக்குப் போட்டால் எல்லாக் கைகளும் வெளியே வந்து ஆடும். நான் அதைப் பூ என்பேன். "பூ இல்லக்கா, உசுருள்ள பிராணி" என்று லிடியா திருத்துவாள். மறுநாளும் நான் பூ என்பேன். அவளும் திருத்துவாள். எங்களுக்குள் இது தினசரி நடக்கிற சண்டை.

இப்படி இருந்த வீட்டில்தான் போன கார்த்திகையில் வெள்ளம் புகுந்தது.

விடிய விடிய மழை. காலையில் பால் காய்ச்சுகிற நேரத்துக்குப் பக்கத்து ஓடை உடைத்துக்கொண்டு தெருவுக்குள் வந்தது. ஓடையை மறித்து மனை போட்டவன் யார் என்று எங்களுக்கெல்லாம் தெரியும். பெயரைச் சொல்லி என் வாயை நாறடித்துக்கொள்ள மாட்டேன். அவன் வீடு மேட்டில் இருக்கிறது, அது போதும். ஹாமித் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தார். அதற்குள் கீழ்வீட்டில் முழங்கால் தண்ணீர். சாக்கடை, குப்பை, யாருடைய ஒற்றைச் செருப்போ, எல்லாம் வீட்டுக்குள் மிதந்து வந்தன.

லிடியா முதலில் மாமியாரைக் கைத்தாங்கலாக மாடிக்கு ஏற்றி என் கட்டிலில் உட்கார வைத்தாள். இதை நான் கண்ணால் பார்த்தேன். பின்னால் இதைப் பற்றி ஒரு பேச்சு வரப்போகிறது, அதனால் இப்போதே சொல்லி வைக்கிறேன். அவள் புருஷன் ஆண்டனிராஜ் பிரிட்ஜைத் தூக்கி மேசைமேல் வைக்கப் போராடிக்கொண்டிருந்தார். லிடியா தொட்டிக்கு ஓடினாள்.

தொட்டிக்குக் கீழே, அலமாரிக்குள் இன்னொரு சின்னத் தொட்டி உண்டு. மேல் தொட்டித் தண்ணீர் அதில் வந்து வடிகட்டி, மோட்டார் வழியாகத் திரும்ப மேலே போகும். வெள்ளம் அந்தக் கீழ்த்தொட்டிக்குள் புகுந்துவிட்டது. மேல்தொட்டி இன்னும் சுத்தமாக இருந்தது. ஆனால் ஒட்டுப்பலகை அலமாரி தண்ணீரில் ஊறி ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தது.

"அக்கா, ஏதாச்சும் பெருசா ஏனம் குடுங்க!" என்று கீழிருந்து கத்தினாள் லிடியா.

நான் விடுவேனா? பரணில் இருந்த தேக்சாவை இறக்கினேன். என் அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்தது. அசல் செம்பு, உள்ளே ஈயம் பூசியது. ஒரு ஆடு முழுசாக வேகும். அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு படியிறங்கினேன். லிடியா என்னைப் பார்த்ததும் பேயைக் கண்டவள் மாதிரி அலறினாள்.

"செம்பு வேணாக்கா! செம்பு பட்டா இதுக அம்புட்டும் செத்துப்போகும்!"

"எங்க வீட்டுல இதுல தின்னு ஒருத்தரும் சாகலடி!"

"நீங்க பவளமாக்கா? பிளாஸ்டிக் குடுங்க, பிளாஸ்டிக்!"

ஐம்பது பேருக்குச் சோறு போட்ட பாத்திரத்துக்கு இப்படி ஒரு அவமானம். ஆனால் அது சண்டை போடுகிற நேரமில்லை. ஹாமித்துக்குத்தான் சட்டென்று புத்தி வந்தது. மல்லிகைப்பூவை ஐஸ் போட்டு வெளியூருக்கு அனுப்புகிற தெர்மாகோல் பெட்டிகள் அவர் ஆட்டோவில் எப்போதும் கிடக்கும். அள்ளிக்கொண்டு வந்தார். அதற்கும் லிடியா, "அண்ணே, பூவுக்கு மருந்தடிச்சிருப்பாங்க, நல்லாத் தேச்சுக் கழுவுங்க" என்றாள். வெள்ளம் தலைக்கு மேல் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். இவள் முழங்காலளவு தண்ணீரில் நின்றுகொண்டு பெட்டி கழுவச் சொல்கிறாள். கழுவினோம்.

மேல்தொட்டித் தண்ணீரையே பெட்டிகளில் மொண்டு, முதலில் மகராசியைப் பாறையோடு தூக்கி வைத்தாள். பிறகு மற்ற பவளங்கள், மீன்கள், பாறைகள். நாங்கள் படியில் நின்று கைமாற்றிக் கைமாற்றி என் தையல் அறைக்கு ஏற்றினோம். கடைசியில் தொட்டியைக் காலி செய்து, சாய்ந்த அலமாரியிலிருந்து இறக்கிச் சுவரோரம் நிறுத்தினோம். கண்ணாடி பிழைத்தது. கரண்ட் இல்லாததால் தண்ணீரில் காற்று ஏற, ஆளுக்கொரு பிளாஸ்டிக் மக்கால் மொண்டு மொண்டு ஊற்றினோம். சாயங்காலம் ஹாமித், ஆத்தூர் அணைப் பக்கம் உயிர்மீன் விற்கிறவர்களிடம் சொல்லி, பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்றை வாங்கி வந்தார். அது கொப்புளம் விட ஆரம்பித்ததும்தான் லிடியா உட்கார்ந்தாள்.

வெள்ளம் வடிந்ததும் ஆஸ்பத்திரியில் காய்ச்சல்காரர்கள் குவிந்தார்கள். லேபில் லிடியாவை லீவு போட விடவில்லை. போகிறபோது என்னையும் செபாஸ்தியம்மாளையும் கூப்பிட்டு, ஒவ்வொரு பெட்டியிலும் மார்க்கரால் போட்டிருந்த கோட்டைக் காட்டினாள்.

"தண்ணி இந்தக் கோட்டுக்குக் கீழ போனா, கேன் தண்ணி மட்டும் ஊத்துங்க. ஆவியாப் போறது தண்ணிதான், உப்பு போகாது. வேற எதுவும் போடாதீங்க. அத்தை, உங்களுக்குத்தான் சொல்றேன்."

"எனக்கு எதுக்குத்தா சொல்ற? நான் என்ன பச்சப்புள்ளையா?" என்றார் செபாஸ்தியம்மாள்.

இங்கே அந்த அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெயரிலேயே புனிதர் செபஸ்தியாரைச் சுமந்திருப்பவர். அவர்கள் கோயில் திருவிழாவில் செபஸ்தியார் காலடியில் உப்பும் மிளகும் காணிக்கையாகக் கொட்டுவார்கள். நோய் நொடி அண்டாதிருக்க நேர்ச்சை. அந்தக் குவியலிலிருந்து ஒரு பிடி வீட்டுக்கு எடுத்து வந்து வைத்துக்கொள்வார்கள். செபாஸ்தியம்மாள் பிறந்த ஊரில் கிணற்றுத் தண்ணீர் கெட்டால் அந்த உப்பைக் கிணற்றில் போடுவார்களாம், மாடு தீவனம் எடுக்காவிட்டால் தொட்டியில் போடுவார்களாம். அவர் அதை ஒரு பழைய மால்ட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். வெள்ளத்தன்று கட்டிலை விட்டார், துணியை விட்டார், அந்த டப்பாவை மட்டும் இடுப்பில் இடுக்கிக்கொண்டுதான் மாடியேறினார்.

நான் கீழே சேற்றை வழித்துக் கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க மேலே வந்தால், செபாஸ்தியம்மாள் மகராசியின் பெட்டி முன் முக்காடு போட்டு நிற்கிறார். உதடு முணுமுணுக்கிறது. டப்பா திறந்திருக்கிறது.

"பெரியம்மா! என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்லத்தா. முடிஞ்சுது. பிதாவுக்கு ஒரு கை, சுதனுக்கு ஒரு கை, பரிசுத்த ஆவிக்கு ஒரு கை. இனிமே ஒண்ணும் ஆகாது."

கல்லுப்பு மகராசியின் குடைமேலேயே குவியலாகக் கிடந்தது. குடை சுருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் என்ன கத்தினேன் என்று நினைவில்லை. கையை விட்டு அள்ளி வெளியே போட்டேன். பாதி கரைந்துவிட்டிருந்தது. லிடியாவுக்குப் போன் போட்டேன். எடுத்துக்கொண்டிருந்த ரத்தத்தை முடித்துவிட்டு ஓடி வந்தாள். ஒரு துளி தண்ணீரை எடுத்து, கண்ணில் வைத்துப் பார்க்கிற சின்னக் குழாயில் விட்டு உப்பைப் பார்த்தாள். உப்பு ரொம்ப ஏறியிருந்தது. முகம் வெளுத்துவிட்டது. பக்கத்துப் பெட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி ஊற்றத் தொடங்கினாள்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று சொல்லி வைத்தவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. இதையே லிடியா செய்திருந்தால் ஊரே கூடியிருக்கும். செய்தது மாமியார் என்பதால், "பாவம், வயசானவங்க, நல்லதுக்குத்தான் செஞ்சாங்க" என்றது தெரு. நல்லதுக்குச் செய்வது வேறு, செய்தது நல்லதாவது வேறு என்று நான் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்.

மகராசி அழுகத் தொடங்கினாள். குடை குழகுழத்து, பழுப்பாகி, நாற்றமெடுத்தது. அந்த நாற்றத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அழுகல் மற்றதைத் தொற்றுவதற்குள் லேப் பிளேடால் நல்ல சதையைத் தேடி வெட்டினாள் லிடியா. யோசிக்காமல் ஆயிரம் பேருக்கு ஊசி குத்தியவள். அன்றைக்கு ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் பிளேடை இரண்டு தடவை துடைத்தாள். மூன்று துண்டுகளை எடுத்துக் கல்லில் நூலால் கட்டினாள். அதில் இரண்டு மறுபடி அழுகின. ஒன்று மிஞ்சியது. அதே சுண்டுவிரல் அளவு. மதுரையிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த அளவு. அதைப் பார்த்தபோதுதான் அவள் என் மெஷினில் தலையைச் சாய்த்து அழுதாள்.

ஆண்டனிராஜ் அந்த நேரம் பார்த்துத்தான் பேச வேண்டுமா? பேசினார். அவரையும் குறை சொல்ல முடியாது. வீடெல்லாம் சேறு. பிரிட்ஜ் மேசையோடு சரிந்து விழுந்துவிட்டது. மனுஷன் நொந்துபோயிருந்தார். கையில் கல்யாண ஆல்பம். ஊறி உப்பி, படமெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தது.

"இத பாரு. தண்ணி உள்ள வந்ததும் நீ எதத் தூக்கிட்டு மாடி ஏறின? நாலு பேரு கேக்குறாங்க. நான் என்னன்னு சொல்ல?"

லிடியா நிமிர்ந்தாள். கண்ணைத் துடைக்கக்கூட இல்லை.

"மூச்சு விடுறதத் தூக்கிட்டு ஏறுனேன்னு சொல்லுங்க. முதல்ல உங்க அம்மாவ ஏத்துனேன், அப்புறம் இதுகள ஏத்துனேன். ஆல்பம் மூச்சு விடுதா?"

"அதான் நீ ஏத்துனதும் செத்துப்போச்சுல்ல? போதும் லிடியா. பழைய சாமான்காரன வரச் சொல்றேன். கண்ணாடியப் போட்டுருவோம். நமக்கு எதுக்கு இந்தக் கடலு?"

"சாகல. ஒரு துண்டு இருக்கு."

"அதும் நாளைக்கு..."

"செபஸ்தியார் திருவிழா வரைக்கும் பொறுங்க" என்றாள் லிடியா. குரல் உயரவில்லை, ஆனால் நான் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். "அதுக்குள்ள இது கை விரிக்கலேன்னா கண்ணாடிய நானே தூக்கி வண்டியில ஏத்துறேன். விரிச்சிருச்சுன்னா, அதுக்கப்புறம் தொட்டியப் பத்தி நீங்க ஒரு வார்த்தை பேசக்கூடாது. ஒரு வார்த்தை."

"சரி. பேசல."

எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள் தொட்டி, அவள் உழைப்பு, எதற்குப் பந்தயம் கட்ட வேண்டும்? கோபத்தில் வார்த்தையை விட்டுவிட்டாள். விட்ட வார்த்தையைத் திரும்ப எடுக்கிற ஆளும் இல்லை அவள்.

அப்போதுதான் மூலையில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த செபாஸ்தியம்மாள் வாயைத் திறந்தார்.

"விரியும். நேர்ச்சை உப்பு பொய்க்காது."

"அத்தை, உங்க உப்பாலதான் இது கெட்டுச்சு."

"என் உப்பாலதான் இம்புட்டாச்சும் மிஞ்சிருக்கு."

"அத்தை..."

"உப்பு போட்டும் செத்துச்சுன்னு நாளைக்கு ஊரு சொல்லும். செபஸ்தியாருக்கு அந்தக் கெட்ட பேரு என்னால வரக்கூடாது. அது செத்துச்சுன்னா நான் கோயில் படிய எப்படி மிதிப்பேன்? நீ பாருத்தா, அது விரியும்."

இதில் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒருத்தி கணக்குப்படி பிழைக்க வைக்கிறேன் என்கிறாள், இன்னொருவர் சாமி பிழைக்க வைப்பார் என்கிறார். இரண்டு பேரும் ஒரே சுண்டுவிரலுக்குச் சண்டை போடுகிறார்கள். நான் முதல் வேலையாக அந்த உப்பு டப்பாவைப் பிடுங்கித் துணி பீரோவில் வைத்துப் பூட்டினேன். செபாஸ்தியம்மாள் தினமும் ஒருமுறை சாவி கேட்பார். நான் தினமும் ஒருமுறை காது கேட்காதவள் ஆனேன்.

பந்தயம் முடியட்டும் என்று லிடியா காத்திருக்கவில்லை. மறுவாரமே தொட்டியைத் திரும்பக் கட்டத் தொடங்கினாள். கீழ்வீட்டில் ஈரம் காயவில்லை. "என் ரூமுல வைடி" என்றேன். "மாடி தாங்குமா?" என்று இழுத்தார் ஹாமித். "உங்களையே தாங்குது" என்றேன். உத்தரத்துக்கு மேலாக, சுவரை ஒட்டி இடம் பார்த்தோம். ஹாமித்துக்குத் தெரிந்த பட்டறையில் இரும்பு ஸ்டாண்டு அடித்து வந்தது. ஒட்டுப்பலகை இனி வேண்டாம் என்று லிடியா சொல்லிவிட்டாள். அடுத்த வெள்ளத்துக்கு இப்போதே பதில் சொல்கிறாளாம்.

தொட்டியைச் சோப்பு படாமல் கழுவினாள். பாறைகளைப் பிரஷ்ஷால் தேய்த்தாள். பாறைக்குள் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இருக்கின்றன, அவைதான் மீன் கழிவைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக்கும், அவை செத்தால் தொட்டி செத்தது என்றாள். எங்கள் போர் தண்ணீரைச் சேர்க்கவே மாட்டாள். வடிகட்டிய தண்ணீரில், வாளியில் வருகிற கடல் உப்பைக் கரைத்தாள். கல்லுப்பில் உப்பு மட்டும்தான் இருக்குமாம், அந்த வாளி உப்பில் கடலில் இருக்கிற எல்லாச் சத்தும் இருக்குமாம். இதை அவள் மாமியாருக்குக் கேட்கும்படி கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். செபாஸ்தியம்மாள் ஜெபமாலையைக் கொஞ்சம் வேகமாக உருட்டினார்.

தெரு சும்மா இருக்குமா? "வீட்டுல படுக்கப் பாயில்ல, மாடியில கடல் கட்டுறாங்களாம்" என்றது. "பட்டும் புத்தி வரலையே" என்றது. ஜாக்கெட் தைக்கக் கொடுத்த ஒருத்தி, "மறுபடியும் வெள்ளம் வந்தா என்ன பண்ணுவா?" என்று என்னிடமே கேட்டாள்.

லிடியா அப்போது தண்ணீர்க் குடத்தோடு படியேறிக்கொண்டிருந்தாள். நின்று திரும்பினாள்.

"மறுபடியும் தூக்குவேன்க்கா. உங்க வீட்டு அடுப்பும்தான் வெள்ளத்துல போச்சு. சோறு பொங்காமயா இருக்கீங்க?"

அந்த ஜாக்கெட்டுக்கு நான் கூலி கொஞ்சம் கூட்டித்தான் வாங்கினேன்.

பாறைக் கிருமிகள் பெருகித் தண்ணீர் பழுத்து, லிடியாவின் சோதனைக் கணக்கெல்லாம் சரியாக வந்த பிறகு மீன்கள் தொட்டிக்குள் போயின. மற்ற பவளங்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. மகராசியின் துண்டு மட்டும் அசையவில்லை. மேலே மெழுகு பூசின மாதிரி மூடிக்கொண்டு, பழைய பற்பசை டியூப் மூடி போல நின்றது. பொங்கல் வந்து போனது. கோயிலில் கொடி ஏறியது. லிடியா லேபுக்குப் போவாள், வருவாள், விளக்குப் போடுவாள், ஒருமுறை பார்ப்பாள், அப்புறம் அந்தப் பக்கம் திரும்ப மாட்டாள். "பாத்துக்கிட்டே இருந்தா விரியாதுக்கா" என்பாள். ஆனால் அவள் மெலிந்துவிட்டாள். அளவு ஜாக்கெட்டில் எனக்குத் தெரியாதா?

திருவிழா நாள். காலைப் பூசை முடிந்து எல்லாரும் வீடு திரும்பினார்கள். ஆண்டனிராஜ் சொன்ன சொல் தவறாதவர், பழைய சாமான்காரரும் அப்படித்தான். தள்ளுவண்டி வாசலில் வந்து நின்றது. தண்ணீரும் மீனும் இருக்கிற தொட்டியை இனி எதில் கொட்டுவது? அந்தக் கோமாளி மீன்கள் எங்கே போகும்?

செபாஸ்தியம்மாள் படியில் குறுக்கே உட்கார்ந்துவிட்டார்.

"எந்திரிம்மா" என்றார் ஆண்டனிராஜ். "திருவிழா வரைக்கும்னு பேச்சு. திருவிழா வந்துருச்சு."

"வந்துருச்சு. முடிஞ்சுருச்சா? சப்பரம் ஊரச் சுத்தித் திரும்பிக் கோயிலுக்குள்ள நுழையிற வரைக்கும் திருவிழாதான்டா. உனக்கு ஞானஸ்நானம் குடுத்த கோயிலு, உனக்கே தெரியாதா?"

"அம்மா, அது ராத்திரி ஆகிடும்."

"ஆகட்டும். அவருக்கு டீ வாங்கிக் குடு."

வண்டிக்காரர் டீ குடித்துவிட்டுச் சாயங்காலம் வருவதாகப் போனார். கோர்ட்டில் வாதாடியிருக்க வேண்டிய பெண்மணி, உப்பு டப்பாவோடு காலத்தைக் கழித்துவிட்டார். லிடியா எதற்கும் கீழே இறங்கி வரவில்லை. கெஞ்சவும் இல்லை. வழக்கமான நேரத்துக்கு விளக்கைப் போட்டுவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து ஜாக்கெட்டுகளுக்கு ஊக்குத் தைக்க ஆரம்பித்தாள். ஊசி இழுக்கிற இழுப்பில் கோபம் தெரிந்தது.

மத்தியானம் தாண்டியிருக்கும். நூல் மாட்ட நிமிர்ந்தவள், தற்செயலாகத் தொட்டியைப் பார்த்தேன். அந்த மெழுகு ஓரத்தில் உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. உரிந்த இடத்தில் வெள்ளையாக, கடுகுக்கும் சின்னதாக என்னவோ ஆடியது.

"லிடியா! பூ!"

அவள் என்னைத் திருத்தவில்லை. ஊக்கெல்லாம் தரையில் கொட்ட எழுந்து ஓடி, கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றாள். முதலில் ஒன்று, அப்புறம் பக்கத்தில் இரண்டு, அப்புறம் எண்ண முடியவில்லை. சுண்டுவிரல் நுனி முழுக்கக் குட்டிக் கைகள். லிடியா சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "வாங்கடா இப்ப, தள்ளுவண்டியக் கொண்டுவாங்கடா" என்றாள். யாரைச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். தெருவை, ஓடையை, வெள்ளத்தை, எல்லாரையும்.

ஆண்டனிராஜ் மேலே வந்தார். குனிந்து பார்த்தார். லிடியா லேப் பூதக்கண்ணாடியை அவர் கையில் கொடுத்தாள். நெடுநேரம் பார்த்தார். வாயைத் திறக்கப் போனவர், பந்தயம் நினைவு வந்து மூடிக்கொண்டார். கீழே இறங்கிப்போய்ப் பழைய சாமான்காரருக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்றார். தொட்டியைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. வாக்குச் சுத்தமான மனுஷன். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் தண்ணீர்க் குடம் தூக்கி வருவது அவர்தான். அதையும் பேசாமல்தான் செய்கிறார்.

செபாஸ்தியம்மாள் மட்டும் பேசினார். "பாத்தியாத்தா? நான் சொன்னேன்ல? என் உப்பு."

லிடியா தரையில் கொட்டிய ஊக்குகளைப் பொறுக்கப் போய்விட்டாள். பதில் சொல்லாமல் விடுகிறவளா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சாயங்காலம்தான் தெரிந்தது.

சப்பரம் கிளம்புவதற்கு முன் எல்லாரும் கோயிலுக்குப் போனோம். நானும் போனேன். ஒவ்வொரு வருஷமும் திருவிழாச் சோற்றுக்குப் போகிறவள்தான் நான். செபஸ்தியார் காலடியில் உப்பும் மிளகும் குவிந்திருந்தன. பாக்கெட் உப்பு, கல்லுப்பு, ஓலைக் கொட்டானில் கொண்டுவந்த உப்பு. லிடியா பையிலிருந்து ஒரு பெரிய டப்பாவை எடுத்தாள். வாளி உப்பு. தொட்டிக்குப் போடுகிற அதே வெள்ளை உப்பு. சிலுவை போட்டுவிட்டு, குவியலின் மேல் முழுசாகக் கவிழ்த்தாள்.

பக்கத்தில் நின்ற கோயில் உபதேசியார் திகைத்தார். "என்னம்மா இது? என்ன உப்பு?"

"கடல் உப்பு ஐயா. கடல்ல இருக்கிறது அம்புட்டும் இதுல இருக்கு." லிடியா செபஸ்தியாரை நிமிர்ந்து பார்த்தாள். "என் வீட்டுக்கு வைத்தியம் பாக்குறதுன்னா அவரு இத வச்சுப் பாக்கட்டும். சரியான உப்பு எதுன்னு அவருக்கும் தெரியணும்ல?"

நான் முக்காட்டுக்குள் சிரித்துக்கொண்டேன். சாமியிடமே சண்டைக்குப் போகிறவளை என்ன செய்ய முடியும்?

செபாஸ்தியம்மாள் மெல்ல முன்னால் வந்தார். மருமகளை ஒரு பார்வை பார்த்தார். நான், இதோ வெடிக்கப் போகிறது என்று நினைத்தேன். அவர் குனிந்து, மற்ற உப்பில் கை படாமல், லிடியா கொட்டிய வெள்ளை உப்பில் மட்டும் கையை விட்டார். பிதாவுக்கு ஒரு கை, சுதனுக்கு ஒரு கை, பரிசுத்த ஆவிக்கு ஒரு கை. முந்தானையில் முடிந்துகொண்டார்.

"எதுக்கு அத்தை?" என்றாள் லிடியா.

"அடுத்த வெள்ளத்துக்கு."

"கரைச்சுத்தான் ஊத்தணும். அதுவும் என்னையக் கேட்டுட்டு."

"கேக்குறேன் கேக்குறேன். நீ முதல்ல சப்பரத்துக்கு வழி விடு" என்றார் செபாஸ்தியம்மாள்.

அந்த முடிச்சை அவிழ்த்து அவர் வீட்டில் மால்ட் டப்பாவில் கொட்டிக்கொண்டார். டப்பா மறுபடி அவரிடம்தான் இருக்கிறது. நான் பீரோவைத் திறந்து விட்டுவிட்டேன்.